எங்களுக்கு அவசரமில்லை: ரங்கூன்–மாந்தளை சாலையில் வேகத்தைக் குறைத்த ஒரு முயற்சி

பர்மாவின் ரங்கூன்–மாந்தளை விரைவுச்சாலையின் நீளம் 366 மைல், அதாவது 589 கிலோமீட்டர். ரங்கூனிலிருந்து தலைநகர் நேப்பியிதோ வரை 2009 மார்ச்சில் திறந்தார்கள். மாந்தளை வரை முழுதாகச் சேர்ந்தது 2010 டிசம்பரில். போக இரண்டு தடம், வர இரண்டு தடம், நடுவில் பிரிப்பு, கட்டியபோது தரை முழுக்கக் காங்கிரீட். கார்களுக்கு வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே 'மரணச் சாலை' என்ற பெயர் பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது. இன்றும் அந்தப் பக்கம் யாராவது கிளம்பினால், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு என்று சொல்லாமல் எங்கள் வீடுகளில் அனுப்புவதில்லை.

இந்தச் சாலையில் ரங்கூனிலிருந்து மாந்தளைக்குப் பெண் வீட்டாரை ஏற்றிப் போன ஒரு கலியாண பஸ்ஸில், ஓட்டுநரைத் திட்டாமலும் பயமுறுத்தாமலும் வேகத்தைக் குறைக்க நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன். அதே நோக்கத்தோடு மற்ற நாடுகளில் செய்து பார்த்தவற்றில் எங்களுக்கு உதவியதையும் உதவாததையும் சேர்த்துச் சொல்கிறேன். இது நடந்தது 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன்பு, இரவு பஸ்கள் தாராளமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில்.

என் தொழில் கடைப் பலகையும் விளம்பரப் பலகையும் எழுதுவது. அதனால்தான் பெண்ணின் மாமா என்னிடம் வந்தார். "தம்பி, 'மெதுவாகச் செல்லவும்'னு பெரிசா ஒரு போர்டு எழுதிக் குடுங்க, டிரைவர் கண்ணுக்கு முன்னாடி மாட்டிடலாம்" என்றார். போர்டு எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு. ஆனாலும் அந்தப் போர்டால் ஒரு பயனும் இருக்காது என்று அவரிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலை சொல்வதைத்தான் கால் கேட்கிறது

வண்டி ஓட்டுகிறவர் வேகமானியைப் பார்ப்பது எப்போதோ ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் அவர் உடம்பே கணக்குப் போடுகிறது. கண்ணின் ஓரத்தில் மரமும் கம்பமும் எவ்வளவு விரைவாகப் பின்னால் ஓடுகின்றன, எஞ்சின் எப்படிச் சத்தம் போடுகிறது, இருக்கை எவ்வளவு அதிர்கிறது, பாதை எவ்வளவு குறுகல் என்று அதற்கு நிறைய அடையாளங்கள் உண்டு. பெகுவுக்குப் போகும் பழைய சாலையில் தேநீர்க்கடை, சைக்கிள், நாய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வண்டியை உரசிக்கொண்டு கடக்கும். அங்கே 60-இல் போனாலே வேகமாகத் தெரியும். விரைவுச்சாலையில் அது எதுவும் இல்லை. வயல், புதர், மேற்கே தூரத்தில் பெகு யோமா மலை, முன்னால் வெள்ளையாக நீளும் காங்கிரீட். 100-இல் போனால்கூட வண்டி ஏதோ சும்மா போவதாகத்தான் தோன்றும்.

அதோடு உடம்பு வேகத்துக்குப் பழகியும் போகிறது. ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டியவர் காலை எடுத்துக் கொஞ்சம் குறைத்தாலும், நிறையக் குறைத்துவிட்டதாக உணர்வார். 70-இல் இருந்துகொண்டு 50-இல் போவதாக நினைப்பார். விரைவுச்சாலையை விட்டு ஊருக்குள் நுழையும் இடங்கள் ஆபத்தாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

எங்கள் ஊர்க் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாலையோரத் தூரக்கற்கள் மைலில் இருக்கின்றன. வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பழையதாக வந்தவை, வேகமானி கிலோமீட்டரில். இன்னும் 140 மைல் இருக்கிறது, 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், எப்போது போய்ச் சேருவேன் என்று நள்ளிரவில் ஓட்டிக்கொண்டே யார் பெருக்கி வகுத்துப் பார்ப்பார்கள்? மனம் எளிய விடையைப் பிடித்துக்கொள்கிறது: இன்னும் கொஞ்சம் அழுத்து.

அந்த ஜப்பான் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பர்மாவில் 1970 டிசம்பர் வரை வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடின. ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அதனால் பழைய இருவழிச் சாலைகளில் முந்தும்போது எதிரே வருவது ஓட்டுநருக்குச் சரியாகத் தெரியாது. நடுவில் பிரிப்பு உள்ள விரைவுச்சாலையில் இந்தத் தொல்லை குறைவு. இங்கே வேறு ஒன்று கொல்கிறது. மார்ச், ஏப்ரலில் நடுப்பர்மாவின் வறண்ட பகுதியில் வெயில் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தக் காங்கிரீட்டில் தேய்ந்த டயர் வேகமாக உருண்டால் சூடேறி வெடிக்கும். வெடித்த நேரத்தில் வண்டி 80-இல் இருந்ததா 120-இல் இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே இருப்பவர்களின் கதி.

கொஞ்சம் வேகம் குறைந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடன் ஆய்வாளர் கோரன் நில்சன் ஒரு விதி வகுத்துத் தந்திருக்கிறார். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர் போகும் விபத்துகள் சுமார் 4 சதவீதம் கூடும். அதையே திருப்பிப் போட்டால், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் உயிர்ப்பலி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 110-ஐ 100 ஆக்குவது சின்ன விஷயமே இல்லை.

ஆக, சாலை முழு இரவும் 'போ, போ' என்கிறது. பலகை தன் பங்குக்கு ஒரு தடவை 'மெதுவாக' என்கிறது. மாமாவுக்கு இதைச் சொன்னதும் புரிந்துவிட்டது. "அப்ப சாலையையே பேச வைக்கணும்ங்கறீங்க" என்றார்.

சாலையைப் பேச வைத்தவர்கள்

அப்படிப் பேச வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜி. ஜி. டென்டன், வேகத்துக்கு உடம்பு பழகிப்போவதை ஆராய்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள நியூபிரிட்ஜ் ரவுண்டானாவுக்கு வரும் வழியில் அவர் யோசனைப்படி குறுக்காக மஞ்சள் பட்டைகளை வரைந்தார்கள். ரவுண்டானாவை நெருங்க நெருங்கப் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அதே வேகத்தில் போகிறவருக்குப் பட்டைகள் மேலும் மேலும் விரைவாகக் கடப்பதால், வண்டி வேகம் எடுப்பதாகத் தோன்றும். கால் தானாக மேலே வரும். அங்கே வேகமும் குறைந்தது, விபத்தும் குறைந்தது. இன்றைக்கு பிரிட்டனில் வேகச் சாலைகள் ரவுண்டானாவில் சேரும் இடங்களில் இந்தப் பட்டைகளைப் பார்க்கலாம். பிரதான சாலை என்றால் 90 பட்டைகள்.

சிகாகோவில் ஏரிக்கரை ஓரம் போகும் லேக் ஷோர் டிரைவில், ஓக் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஆபத்தான வளைவு உண்டு. 2006 செப்டம்பரில் அங்கேயும் இதே முறையில் வெள்ளைக் கோடுகள் போட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் நடந்த மோதல்கள், முந்தைய ஆண்டின் அதே ஆறு மாதத்தைவிட 36 சதவீதம் குறைவு. கொஞ்சம் பெயிண்ட்தான் செலவு.

இதே சாயலில் அகமதாபாத்தில் 2016-இல் தாயும் மகளுமாக இரண்டு ஓவியர்கள் தரையிலிருந்து எழும்பி நிற்பது போன்ற பாதசாரிக் கடவை வரைந்தார்கள். படங்கள் உலகம் முழுக்கப் பரவின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டென்டனின் பட்டைகள் உண்மையான வேகத்தை உரக்கச் சொல்கின்றன. இந்த ஓவியமோ இல்லாத தடையை இருப்பதாகக் காட்டுகிறது. முதல் நாள் பிரேக் போட்டவர் மறுவாரம் அது வெறும் பெயிண்ட் என்று தெரிந்து ஏறிப் போவார். அப்புறம் ஒரு நாள் உண்மையிலேயே அங்கே ஒரு குழந்தை நிற்கும்.

எங்கள் விரைவுச்சாலையில் பட்டைகள் போட வேண்டிய இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 366 மைலுக்கும் போட்டால் கண் பழகிவிடும், பயன் போய்விடும். மாந்தளையிலிருந்து ஓட்டிவந்தவர் சுங்கச்சாவடியை நெருங்கும் இடம், அதைத் தாண்டிப் பழைய சாலையில் கலக்கும் இடம், பாலங்களுக்கு முன்னால். ரங்கூன் பக்கம் வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மே முதல் அக்டோபர் வரை நனையும் தரையில் சாதாரணப் பெயிண்ட் நிற்காது. நின்றாலும் மோட்டார் சைக்கிளுக்கு வழுக்கும். அதனால் பழைய சாலைப் பகுதியில் ஓரத்தில் மோட்டார் சைக்கிள் போகப் பட்டையில்லாத இடம் விட வேண்டும், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் திரும்பப் போட வேண்டும்.

சரி, இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை. நாங்கள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போக முடியாது.

வண்டியின் வேகத்தை அளந்து 'உன் வேகம் இவ்வளவு' என்று காட்டும் மின்பலகைகளும் நல்ல பலன் தந்தவைதான். பிரிட்டனில் 2002-இல் வந்த ஒரு பெரிய மதிப்பீட்டில், வேகமாக வரும் வண்டியைக் கண்டால் மட்டும் ஒளிரும் பலகைகள் வைத்த இடங்களில் விபத்து சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பொதுவாக எழுதி வைத்ததைவிட, தன் பேர் சொல்லிக் கூப்பிட்டது போன்ற எச்சரிக்கையை மனிதர் மதிக்கிறார். 2010-இல் ஸ்டாக்ஹோமில் மூன்று நாள் இன்னும் விசித்திரமான ஒன்று செய்தார்கள். வேகம் மீறியவர்களின் அபராதப் பணத்தை, வரம்புக்குள் போனவர்களுக்குக் குலுக்கல் பரிசாகக் கொடுத்தார்கள். 24,857 வண்டிகள் கடந்தன. சராசரி வேகம் 32 கிலோமீட்டரிலிருந்து 25-க்கு இறங்கியது. அழகான யோசனை. ஆனால் அபராதப் பணம் சரியான இடத்துக்குப் போகிறது என்று மக்கள் நம்புகிற ஊரில்தான் அது எடுபடும்.

ஓட்டுநருக்கு ஏன் அவசரம்?

மனிதரின் நடத்தையை மாற்றும் வடிவமைப்பைப் பற்றி நிறைய எழுதிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் பி. ஜே. ஃபாக் சொல்வது எளிமையானது. ஒருவர் ஒன்றைச் செய்ய மூன்று சேர வேண்டும்: செய்ய விருப்பம், செய்ய வசதி, சரியான நேரத்தில் ஒரு தூண்டுதல். மெதுவாகப் போக வசதி எல்லா ஓட்டுநருக்கும் இருக்கிறது. காலை எடுத்தால் போதும். விருப்பமும் தூண்டுதலும்தான் இல்லை. எனவே விருப்பம் ஏன் இல்லை என்று முதலில் பார்த்தோம்.

இதற்கு ரங்கூன் நகர பஸ்களே நல்ல பாடம். பழைய ஏற்பாட்டில் வண்டி முதலாளிக்கு அன்றாடம் கட்ட வேண்டியது போக மிச்சம்தான் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும். முன்னால் போகிற வண்டியை முந்தினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம் தமக்கு. அனோரத்தா சாலையில் ஸ்ரீகாளி கோயிலுக்கு முன்னால் பஸ்ஸும் பஸ்ஸும் போட்டி போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஓட்டுநர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கூலியை அமைத்த விதம் ஓடு என்று சொன்னது. 2017 ஜனவரி 16 அன்று பழைய தடங்களைக் கலைத்து ரங்கூன் பஸ் சேவையை ஆரம்பித்தபோது, அந்தப் போட்டியை ஒழிப்பதும் ஊழியர்களுக்குச் சம்பளம் தருவதும் நோக்கத்தில் இருந்தன. எல்லாத் தடத்திலும் அது முழுதாக நடக்கவில்லை என்றாலும், நோயை அடையாளம் கண்டது சரி. எத்தனை வெள்ளைக்கோடு போட்டாலும் கூலி எதிர்ப்பக்கம் இழுத்தால் கூலிதான் வெல்லும்.

எங்கள் கலியாண பஸ்ஸுக்குக் கூலி பேசி முடித்த வாடகை. முந்திப் போனால் கூடுதல் காசு இல்லை. அப்படியும் ஓட்டுநருக்கு ஓர் அவசரம் இருக்கும் என்று தெரிந்தது. வண்டியை வாடகைக்கு விடும் இடத்தில் 'காலை ஐந்து மணிக்குச் சேரும்' என்று எழுதிக் கொடுப்பார்கள். இரவு ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, நம் ஆட்கள் சாமான் ஏற்றி, பாட்டியை ஏற்றி, மறந்துபோன தாம்பூலத் தட்டுக்கு ஆள் அனுப்பி, பத்தரைக்குத்தான் நகரும். அந்த ஒன்றரை மணி நேரத்தை ஓட்டுநர் சாலையில் பிடிக்கப் பார்ப்பார். தாமதம் நம்முடையது, அதை ஈடுகட்ட உயிரைப் பணயம் வைப்பது அவர்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 589 கிலோமீட்டரை இடைவிடாமல் 100-இல் போனால் 5 மணி 53 நிமிடம். 110-இல் போனால் 5 மணி 21 நிமிடம். மிச்சம் 32 நிமிடம். 115-ஆம் மைல் சாப்பாட்டுக் கடைகளில் நிறுத்தி ஒரு தேநீர் குடித்து எல்லாரும் திரும்ப ஏறுவதற்குள் அது போய்விடும். முகூர்த்தம் மறுநாள். காலை நாலரைக்கு மாந்தளையில் இறங்கினால் மண்டபக் கதவு திறந்திருக்காது. யாருக்கும் வேண்டாத அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவு ஆபத்தும்.

மாமா வண்டிக்காரரிடம் பேசி 'காலை ஐந்து' என்பதை 'காலை ஏழு' என்று மாற்றி எழுத வைத்தார். நாங்கள் செய்தவற்றுள் மிக மலிவானதும், என் எண்ணத்தில் மிக முக்கியமானதும் அதுதான்.

கென்யாவின் ஸ்டிக்கர்கள்

தூண்டுதலுக்கு வழி கென்யாவிலிருந்து கிடைத்தது. அங்கே மதாத்து என்கிற தனியார் சிற்றுந்துகள் வேகத்துக்குப் பேர் போனவை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹபியாரிமானா, வில்லியம் ஜாக் இருவரும் 2008-இல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொலைதூர மதாத்துகளில் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒட்டாத வண்டிகளோடு ஒப்பிட்டார்கள். எந்த வண்டிக்கு ஸ்டிக்கர் என்பதைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள், பாரபட்சம் வராதபடி.

ஸ்டிக்கர் பேசியது பயணிகளிடம். ஓட்டுநர் கண்மூடித்தனமாக ஓட்டினால் சும்மா இருக்காதீர்கள், குரல் கொடுங்கள் என்பதுதான் செய்தி. ஓட்டுநர் அதைக் கிழித்துப் போடாமல் இருக்க, ஸ்டிக்கரை வைத்திருப்பவர்களுக்கு வாரக் குலுக்கலில் பரிசு. விபத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தன. பிறகு இன்னும் பெரிய அளவில், ஆயிரக்கணக்கான வண்டிகளில் செய்தபோது குறைவு 25 முதல் 33 சதவீதம். முதல் தடவை அளவுக்கு இல்லை. ஆனாலும் ஒரு காகிதத் துண்டுக்கு இது மிகப் பெரிய பலன்.

நான் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கும் பயமாக இருக்கும். ஒவ்வொருவரும் மற்ற முப்பத்தொன்பது பேரும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, நமக்குத்தான் பயம் போலிருக்கிறது என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடியிருப்பார்கள். ஸ்டிக்கர் அந்த மௌனத்தைத்தான் உடைக்கிறது. பேசுவதற்கு ஓர் அனுமதியையும், பேச ஒரு வாக்கியத்தையும் கையில் கொடுக்கிறது. பர்மாவில் இது இரட்டிப்பாகத் தேவை. இங்கே ஒருவர் மனம் நோகும்படி முகத்துக்கு நேராக எதுவும் சொல்லக் கூடாது என்று வளர்க்கிறார்கள். ஓட்டுநரை 'சயா' என்று வாத்தியாரைக் கூப்பிடுவது போல மரியாதையாகக் கூப்பிடுகிற நாடு. அதிலும் சிறுபான்மையாக வாழும் தமிழர்களான நாம், பர்மியர் ஒருவரிடம் குறை சொல்வதற்கு முன் இரண்டு தடவை யோசிப்போம்.

எங்கள் அட்டை

ஒவ்வொரு இருக்கையின் பின்புறத்திலும், பின்னால் இருப்பவர் கண்ணுக்கு நேராக ஓர் அட்டை மாட்டினோம். தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதியது. தமிழில் இப்படி இருந்தது:

'வண்டி வேகமாகப் போவதாகத் தோன்றுகிறதா? உங்களுக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சொல்லுங்கள்: சயா, பியே பியே மௌங் பா. எங்களுக்கு அவசரமில்லை.'

நடுவில் இருப்பது 'மெதுவாக ஓட்டுங்கள்' என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த பர்மிய வாக்கியம். தெரிந்ததை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். தெரிந்தும் வாயில் வராத வாக்கியத்தைத்தான் எழுத வேண்டும். ரத்தம், நசுங்கிய வண்டி, மண்டை ஓடு எதையும் போடவில்லை. கலியாணத்துக்குப் போகிற வண்டியில் அந்தப் படங்களைப் பெரியவர்கள் ஏற்கவும் மாட்டார்கள். பயந்தவர் கண்ணைத் திருப்பிக்கொள்வாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். எழுத்து பெரிதாக, மங்கலான வெளிச்சத்திலும் படிக்கும்படி, மஞ்சள் அட்டையில் கறுப்பு. 'எங்களுக்கு அவசரமில்லை' என்ற வரி மட்டும் இன்னும் பெரிதாக. அந்த வரி ஓட்டுநரைக் குற்றம் சொல்லவில்லை. அவர் தோளில் இருந்த சுமை ஒன்றை இறக்கி வைக்கிறது.

இரண்டாவது, பயணிகளுக்கும் வேகம் சரியாகத் தெரியாது. ஓட்டுநர் உடம்பு ஏமாறுகிற மாதிரியே அவர்கள் உடம்பும் ஏமாறும். எனவே ஜி.பி.எஸ். வேகம் காட்டும் ஒரு செயலியை ஒரு பழைய போனில் போட்டு, பெரிய எண்ணாகத் தெரியும்படி முன்னால் மாட்ட நினைத்தோம். அவமானமாக நினைப்பாரோ என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே கேட்டோம். மாமா வெற்றிலை பாக்கோடு போய், தாமதத்துக்குக் காரணம் நாங்கள்தான், ஏழு மணிக்குப் போனால் போதும், குழந்தைகள் எண்ணைப் பார்த்து விளையாடுவார்கள், கோபிக்கக் கூடாது என்று சொன்னார். ஓட்டுநர் நல்ல மனிதர். தனக்கும் தெரியும்படி போனைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னார்.

மூன்றாவது, முதல் குரல் யாருடையது என்று முன்பே பேசி வைத்தோம். பெண்ணின் பெரிய அத்தை. வயதானவர், சிரித்துக்கொண்டே எதையும் சொல்லக் கூடியவர். அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் போய்விடும்.

கிளம்பியதும் ரொம்ப நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை, அவசியமும் வரவில்லை. 115-ஆம் மைலில் சாப்பிட்டுவிட்டு ஏறியபின் எண் 100-ஐத் தாண்டி மேலே போனது. ஒரு சிறுவன் உரக்கப் படித்தான்: நூற்று நாலு, நூற்று ஏழு, நூற்றுப் பத்து. அத்தை எழுந்து, "சயா, பியே பியே. கலியாணம் நாளைக்குத்தான்" என்று பர்மிய மொழியில் சொன்னார். வண்டி முழுக்கச் சிரித்தது, ஓட்டுநரும் சிரித்தார். எண் 90-களுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு 100 வந்ததும் பிள்ளைகள் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் அவர்கள் கத்துவதற்குள்ளேயே எண் இறங்கிவிடும். எண்ணைப் பார்க்கும் கண்கள் தனக்குப் பின்னால் இருக்கின்றன என்று தெரிவதே போதுமானதாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையும் அன்றே தெரிந்தது. நேரம் ஆக ஆகப் பிள்ளைகள் தூங்கினார்கள், பிறகு பெரியவர்கள், பிறகு அத்தை. நீளமான, இருட்டான, ஓட்டுநருக்கே கண் சொக்கும் பகுதியில், சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் தூக்கத்தில். கென்யாவில் பகலில் ஓடும் சிற்றுந்துக்குப் பொருந்தியது இரவு பஸ்ஸுக்கு அப்படியே பொருந்தவில்லை. அங்கேயே இரண்டு இளைஞர்களை முன் இருக்கைக்கு மாற்றி, ஃப்ளாஸ்கில் தேநீரோடு ஓட்டுநருடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வரச் சொன்னோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஜோடி மாறியது. திரும்பி வரும்போது யார் எப்போது விழித்திருப்பது என்பதைக் கிளம்பும் முன்பே எழுதி, அட்டையின் அடியில் பெயர்களைச் சேர்த்துவிட்டேன்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாந்தளை போய்ச் சேர்ந்தோம். ஒரு வண்டி பத்திரமாகப் போனதை வைத்து விபத்து குறைந்தது என்று சொல்ல முடியாது. வேகமாகப் போகும் வண்டிகளிலும் பெரும்பாலானவை பத்திரமாகத்தான் போய்ச் சேருகின்றன. வேகம் குறைந்ததை மட்டும் எல்லாரும் எண்ணாகவே பார்த்தோம். நில்சனின் கணக்குக்கு அதுதான் வேண்டும்.

வண்டி வணங்கும் இடம்

தாவுக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் பெகு போகும் பழைய சாலையில் ஷ்வே ஞாவுங் பின் என்ற ஆலமரத்து நாத் தெய்வக் கோயில் இருக்கிறது. புது வண்டி வாங்கியவர்கள் அங்கே கொண்டுபோய், சன்னதிக்கு எதிரே நிறுத்தி, முன்னும் பின்னுமாக மூன்று தடவை நகர்த்தி வண்டியையே வணங்க வைப்பார்கள். சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டிக்கொண்டு திரும்புவார்கள். நம் ஆட்களில் பலர் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, இங்கேயும் வந்து வணங்கிப் போவார்கள்.

வழிபாட்டைக் கருவியாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஓட்டுநர் தன் உயிரையும் மற்றவர் உயிரையும் நினைக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் கொடுக்கும் வாக்கு, சாலையோரப் பலகையைவிட நெடுநாள் நிற்கும். அதனால் எங்கள் கோயில் குருக்களிடம் ஒன்று கேட்டேன். வண்டிப் பூசை முடிந்ததும், இந்த வண்டியை எந்த வேகத்துக்கு மேல் ஓட்ட மாட்டேன் என்று உரிமையாளரே தன் கையால் ஓர் எண்ணை எழுதி, குங்குமம் வைத்து, வேகமானிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். யாரும் அவர் மேல் திணித்த எண் இல்லை; அவரே எழுதியது. குருக்கள் ஒப்புக்கொண்டார். சில வண்டிகளில் 80 என்றும் 90 என்றும் அந்தச் சீட்டு இருக்கிறது. வயசான ஒரு டாக்சிக்காரர் 60 என்று எழுதினார்.

2021-க்குப் பிறகு சோதனைச் சாவடிகள் பெருகி, இரவில் போவது முன்போல இல்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் விரைவுச்சாலையும் அதன் பாலங்களும் அடிபட்டன. வெடிப்பு விழுந்த பகுதிகளில் ஒரு பலகையும் தேவைப்படவில்லை. சாலையே சொன்னது, எல்லாரும் மெதுவாகப் போனார்கள். பழுது பார்த்து மறுபடி வழவழப்பாக்கும்போது, பாலங்களுக்கு முன்னால் டென்டனின் பட்டைகளையும் போட்டுவிட்டால் கூடுதல் செலவு அதிகம் இல்லை. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு, கலியாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகை பஸ் பிடிக்கும் குடும்பங்களுக்கு இந்த அட்டைகளைச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அச்சடித்துக் கொடுக்கிறேன். மழைக்காலத்தில் ஊறிப்போவதால் இப்போது பிளாஸ்டிக் உறையோடு தருகிறேன். வாங்க வருகிறவர்களிடம் அட்டையைக் கொடுப்பதற்கு முன் ஒன்றுதான் கேட்கிறேன்: வண்டிக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் சேரும் நேரம் என்ன போட்டிருக்கிறது? அது மாறாமல் இருந்தால், முதலில் போய் அதை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறேன்.